சீட்டுக்காரக்கா

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கையில்
கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.
அட்டையில் என் படம், படத்துக்குக் கீழே நோயின் பெயர்.
அதோடு எந்த வாசலில் நின்றாலும்
அந்த வாசலுக்குப் பெயர் மாறிவிடும்.

எண்ணெய் வேகன்கள் போய்த் தீர
நான் வேறு ஆளாகி இருப்பேன்:
பைக்குள் மேலாக ஒரு சீட்டு நோட்டு,
அடியில் மாத்திரை.
இருபது பேர், மாதம் ஐந்நூறு, ஏலம் கிடையாது.
அப்படி ஒரு சீட்டே கிடையாது.

போர்டு வீட்டு மூணாவது மாடியில்
பிலோமினா தொடங்கிவைத்தது.
"யாராச்சும் கேட்டா சீட்டுப் பணம் வாங்க வந்தேன்னு சொல்லுக்கா.
பொண்ணுக்கு எர்ணாவூர்லேர்ந்து
கேட்டு வந்துகீறாங்க."

பெண் மெர்சலின், இருபத்திரண்டு.
காசிமேட்டு ஷெட்டில் இறால் உரிப்பவள்.
மூன்று மாத இருமல்.
பனி என்றார்கள், ஷெட்டின் ஐஸ் என்றார்கள்,
மணலிக் காற்று என்றார்கள்,
காதலா என்றுகூட ஒரு சித்தி கேட்டாள்.
சபையில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள்.
மெடிக்கல்காரர் மூன்று புட்டி சிரப் கொடுத்தார், கடனுக்கு.
எல்லாருடைய பேச்சிலும்
கொஞ்சம் உண்மை இருந்தது.
எக்ஸ்ரேயில்தான் மிச்சம்.

நான் சொல்ல மறந்த ஒன்று,
என் தப்பாகவே எழுதிக்கொள்கிறேன்:
மாத்திரை தொடங்கினால்
மூத்திரம் செம்மஞ்சளாய்ப் போகும்.

ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்.
லாரி வராத நாளில்
ஒரு சொம்புக்கு மேல் ஊற்ற யாருக்கும் மனசு வராது.
வெள்ளைப் பீங்கான்
மாடி முழுக்கப் படித்துக்காட்டிவிட்டது
பூட்டிய பீரோவில் நாங்கள் வைத்திருந்ததை.

அப்படித்தான் நினைத்தேன்,
எதிர்வீட்டு குர்ஷித் பேகம்
படிக்கட்டுத் திருப்பத்தில் என்னை நிறுத்தும்வரை.

"இன்னா சீட்டு அது?"
மாசம் ஐந்நூறு, என்றேன்.
"ஆறு மாசச் சீட்டா?"
நான் பேசவில்லை.
"அத்த நான் எடுத்து ஒம்போது வருஷம் ஆவுது.
எனக்கு சேப்பு இன்னும் ஜாஸ்தி."

விடிகாலை மெர்சலின் வெளியே வந்ததும்
தன் டிரம்மிலிருந்து ஒரு குடம் எடுத்துப்போய்
ஊற்றிவிட்டு வருகிறாளாம், நாலு நாளாக.
அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
சிகிச்சைக்குத் துணை நிற்பவர்.
"ஒங்க பேர எழுதட்டா?"
கையைப் பிடித்துக்கொண்டாள்.
"வாணாம். என் மருமவளுக்குத் தெரியாது."
தாய் என்று எழுதினேன்.
தண்ணீருக்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் மாதச் சளியில் கிருமி இல்லை.
தாளை பிலோமினா இரண்டு முறை வாசித்தாள்,
பைபிளுக்குள் வைத்தாள்.
ஆனாலும் அந்த டம்ளர் தனியாகவே இருக்கிறது,
அடியில் நெயில் பாலிஷ் பொட்டோடு.
எர்ணாவூர்க்காரர்கள் வந்த ஞாயிறு மட்டும்
எல்லா டம்ளரும் ஒரே தட்டில்.
அன்றைக்கு மெர்சலின்
தாகமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.
மாப்பிள்ளை வீட்டார்
அடக்கமான பெண் என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

பதில் இன்னும் வரவில்லை.
மாத்திரை இன்னும் நாலு மாதம்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ,
தண்டையார்பேட்டை தாண்டியதும்
அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
மேலதிகாரி பார்த்தால் திட்டுவார்.
பக்கத்தில் இருந்த அம்மா
அட்டையைப் படித்தார்,
ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தார்.

ஷேர் ஆட்டோவில்
ஓர் அங்குலம்
பெரிய தூரம்.